பட்டுது

கல்லூரி விடுதியில் இரண்டாம் ஆண்டு இருந்தபோது நான் ஓர் அடியை உண்டாக்கினேன். சுழிக்காற்று என்று அதற்குப் பெயர். கம்பைத் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டே வந்து, எதிராளியின் முழங்காலுக்குக் கீழே வாருவது. விழுந்தவன் எழுந்து நிற்க ஆறு விநாடி ஆகும். அடித்தவன் மூன்றே விநாடியில் மறுபடியும் அடிக்கலாம். இந்தக் கணக்கில் என்ன கோளாறு இருக்கிறது என்பது கணக்குப் போட்ட எனக்குத் தெரியவில்லை. அந்த அடியில் விழுந்த ஒரு முதலாண்டுப் பையனுக்குத்தான் தெரிந்தது.

எல்லாம் திரையில் எழுத்தாக நடந்த சண்டை. படமும் கிடையாது, சத்தமும் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரிவரியாக மேலே ஏறிப் போகும். வடக்கே போ என்று தட்டினால் வடக்கே என்ன இருக்கிறது என்று நாலு வரி வரும். ஒருவனை அடி என்று தட்டினால் அடி விழுந்ததா, தப்பியதா என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்காக விடுதியில் நாற்பது பேர் ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்தோம்.

2003ஆம் ஆண்டு விடுதி அறைகளுக்கு வலைக்கம்பி இழுத்தார்கள். வெளி இணையம் அதில் வராது. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கோப்பு அனுப்பலாம், அவ்வளவுதான். சீனியர் அண்ணன் ஒருவர் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பிரவுசிங் சென்டரில் இறக்கிய ரோம் என்ற மூலநிரலை ஃப்ளாப்பியில் கொண்டுவந்தார். பழைய பென்டியம் கணினி ஒன்றில் ரெட் ஹாட் லினக்ஸ் ஏற்றி, அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, இரவு பகலாக ஓடவிட்டார். டெல்நெட்டில் 4000 என்ற போர்ட்டுக்கு வந்து ஒரு பெயரைக் கொடுத்தால் யாரும் உள்ளே நுழையலாம்.

இந்த வகை ஆட்டத்துக்கு மட் என்று பெயர். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் தொடங்க, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்ததுதான் முதல் மட். பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் கழித்து கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணினித் துறையைச் சேர்ந்த ஐந்து பேர் டிக்குமட் எழுதினார்கள். டிக்கு என்பது அந்தத் துறையின் டேனிஷ் பெயர்ச் சுருக்கம். ரோம் அந்த டிக்குவின் வம்சத்தில் வந்தது. நிரலைக் காசு வாங்காமல் கொடுத்த அந்த ஐவரும் வைத்த நிபந்தனைகளில் ஒன்று, ஆட்டத்துக்குள் நுழைகிறவர் கண்ணில் தங்கள் பெயர்கள் பட வேண்டும் என்பது. ஹான்ஸ் ஸ்டேர்ஃபெல்ட், காட்யா நியூபோ, டாம் மேட்சன், மைக்கேல் சைஃபர்ட், செபாஸ்டியன் ஹாமர். ஒவ்வொரு ராத்திரியும் அந்த ஐந்து பெயர்களைப் படித்த பிறகுதான் சண்டைக்குப் போவேன். இன்றைக்கும் வரிசை மாறாமல் சொல்வேன்.

ரோமில் வந்த ஊர் மிட்கார்ட். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. நாங்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து அதைப் பிரித்துப் போட்டு, ஆற்றங்கரையில் ஓர் ஊரைக் கட்டினோம். சந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு, ஊருக்கு வெளியே சுடலைமாடன் கோயில், கோடையில் வற்றிக் கிடக்கும் மணல். அரக்கனைக் கொன்று பொன் சேர்ப்பது எங்கள் ஊரில் இரண்டாம்பட்சம். நுழைந்தவர் ஓர் ஆளாக இருக்க வேண்டும். வண்டிக்காரர் என்றால் வண்டிக்காரராகப் பேச வேண்டும், கோபப்பட வேண்டும், கடன் வாங்க வேண்டும். என் ஆள் கொம்பன். கம்பு சுற்றுகிறவன்.

மாதம் ஒரு முறை யாராவது புது அடி ஒன்று எழுதிக் கொடுக்கலாம். முழுத்தாள் ஒன்றில் அடியின் பெயர், யார் அடிக்கலாம், எந்த ஆயுதம், எத்தனை விநாடி, தவறினால் என்ன ஆகும், திரையில் வரும் வரிகள் என்ன என்று எழுதி அண்ணனின் அறைக் கதவுக்குக் கீழே தள்ளிவிட வேண்டும். அவரும் இன்னும் இரண்டு சீனியர்களும் படித்துப் பார்த்துச் சரி என்றால் நிரலில் ஏறும். சுழிக்காற்று அப்படித்தான் ஏறியது. அப்போது பரீட்சை நேரம். மூவரும் ஊன்றிப் படிக்கவில்லை.

ரோமில் ஏற்கெனவே பாஷ் என்று ஓர் அடி உண்டு. உடம்பால் மோதித் தள்ளுவது. அதன் நிரலை அப்படியே எடுத்துத்தான் சுழிக்காற்றைச் செய்தேன். பாஷ் அடித்தவனுக்கு 24 துடிப்பு காத்திருப்பு. விநாடிக்கு நான்கு துடிப்பு என்பதால் ஆறு விநாடி. மோதல் தவறிவிட்டாலோ அடிக்க வந்தவனே முகம் குப்புற விழுவான், காத்திருப்பும் ஒன்றரை மடங்காகி ஒன்பது விநாடி ஆகும். சண்டையில் மூன்று விநாடிக்கு ஒரு சுற்று. ஆக, தவறிய பாஷுக்குத் தண்டனை மூன்று சுற்று தரையில் கிடப்பது. இந்தத் தண்டனை எனக்கு அநியாயமாகப் பட்டது. நன்றாக அடிக்கத் தெரிந்தவன் ஏன் விழ வேண்டும்? அதை எடுத்துவிட்டேன். அடிப்பவனின் காத்திருப்பைப் பாதியாக்கினேன். அந்த ஆறு விநாடியை விழுந்தவன் தலையில் வைத்தேன்.

ஒரு வாரத்தில் ஊர் முழுக்கக் கம்போடு அலைந்தது. வாளை வைத்திருந்தவர்கள் விற்றார்கள். முதலில் யார் சுழிக்காற்று அடிக்கிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். பிறகு யாரும் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை.

அந்த முதலாண்டுப் பையன் ஒரு நாள் காலை என் அறை வாசலில் வந்து நின்றான். சண்டை போட வரவில்லை, குறை சொல்லவும் வரவில்லை. "அண்ணா, என் ஆளை அழிச்சுட்டு வேற ஆள் எடுத்துக்கட்டுமா? இவன் எதுக்குமே ஆக மாட்டேங்கிறான்" என்று கேட்டான். மூன்று மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்த ஆள். தோப்புக் காவல்காரன். அந்தக் காவல்காரனுக்கு ஒரு பெண் உண்டு, அவள் கல்யாணத்துக்குப் பணம் சேர்க்கிறான் என்றுகூட எழுதி வைத்திருந்தான்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. முந்தைய இரவின் பதிவை அச்செடுத்து வைத்திருந்தார். சண்டையில் ஓர் அடிக்கு மூன்று வரி உண்டு: அடித்தவன் பார்க்கும் வரி, அடிபட்டவன் பார்க்கும் வரி, அங்கே நிற்கும் மற்றவர்கள் பார்க்கும் வரி. அவர் எடுத்திருந்தது நடு வரியை மட்டும். அந்தப் பையன் திரையில் வந்தது. "வாய்விட்டுப் படி" என்றார். படித்தேன். நீ கீழே விழுகிறாய். உன்னால் எழ முடியவில்லை. நீ கீழே விழுகிறாய். உன்னால் எழ முடியவில்லை. பதினோரு முறை. நடுவில் அவன் தட்டிய கட்டளைகளும் இருந்தன: எழு, ஓடு, எழு, எழு, வடக்கே, எழு. ஏழாவது முறைக்கு மேல் எனக்குக் குரல் எழவில்லை. மீதியையும் படிக்கச் சொன்னார்.

நான் எழுதிய தாளில் அடித்தவன் வரியை ஒரு மணி நேரம் இழைத்திருந்தேன். கம்பு காற்றைக் கிழிக்கும் ஒலி, மண் பறப்பது எல்லாம் இருந்தது. அடிபட்டவனுக்கு எழுதியது இரண்டே இரண்டு வாக்கியம்.

அந்த வாரம் ஊருக்குப் போனேன். எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையில். பள்ளிக்கூட நாட்களில் ஐந்து வருடம் ஆசானிடம் சிலம்பம் கற்றிருந்தேன். பகலில் அரிசி மில்லில் மூட்டை தூக்குவார், சாயங்காலம் கோயிலுக்குப் பின்னால் பொட்டலில் பையன்களைச் சேர்த்துக்கொள்வார். கொம்பன் என்ற ஆளை அவரை நினைத்துத்தான் படைத்தேன் என்றாலும், அவர் கற்றுக் கொடுத்ததில் ஒன்றையும் கொம்பனுக்குக் கொடுத்திருக்கவில்லை. பொட்டலில் உட்கார்ந்து புதுப் பையன்களுக்கு அவர் பாடம் எடுப்பதைப் பார்த்தேன். முதல் மூன்று மாதம் கையில் கம்பு கிடையாது. மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் காலடி மட்டும். எந்தக் கால் முன்னால், எடை எதில் நிற்கிறது, திரும்பும்போது குதிகால் எங்கே வரும். எனக்கும் அப்படித்தான் நடந்தது. அப்போது அது தண்டனையாகத் தெரிந்தது.

அந்த மூன்று மாதத்தைத் தாண்டிய ஒரு பையன் எதிராளியின் கம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "கம்ப ஏம்ல பாக்க? அவன் காலு எங்க நிக்குன்னு பாரு" என்றார். பிறகு ஒரு வீச்சைச் சொல்லிக் கொடுத்தார். சொல்லிக் கொடுத்த கையோடு அதற்கான தடுப்பையும் சொல்லிக் கொடுத்தார். அவர் பாடத்தில் இந்த இரண்டும் தனித்தனியாக வந்ததே இல்லை. ஐந்து வருடமும் அதைப் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"ஆசானே, அடிய மட்டும் ஏன் தனியா சொல்லிக் குடுக்க மாட்டேங்கிய?"

"தடுப்பு இல்லாத அடி எனக்குத் தெரியாதுல. அப்படி ஒண்ணு இருந்தா அத ஏன் சொல்லிக் குடுக்கணும்? நாளைக்கு ஒருத்தன் மண்டைய ஒடச்சிட்டு வந்து நிப்பான். அப்புறம் இந்தப் பொட்டலுக்கு யாரு வருவா?"

எங்கள் பொட்டலில் இன்னொரு வழக்கம் உண்டு. தொட்டு விளையாடும்போது கம்பு நுனியில் சுண்ணாம்பு தடவிக்கொள்வோம். உடம்பில் எங்கே பட்டாலும் புள்ளி தெரியும், நெற்றியில் பொட்டு விழுந்தால் அதற்கு மதிப்பு அதிகம். ஆனால் ஆசான் புள்ளியை எண்ண மாட்டார். பட்டவனே கம்பை உயர்த்தி "பட்டுது" என்று சொல்ல வேண்டும். சொல்லாதவனை மறுநாள் சேர்க்க மாட்டார். சுண்ணாம்பு வேர்வையில் அழிந்துவிடும், ஏமாற்றுவது சுலபம். அந்த ஐந்து வருடத்தில் ஏமாற்றியவன் ஒருவனைத்தான் எனக்குத் தெரியும். அவனும் மூன்றாம் நாள் வந்து தானாகச் சொல்லிவிட்டான்.

விடுதிக்குத் திரும்பியதும் சுழிக்காற்றை எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அதோடு தாளில் ஒரு புது வரியும் சேர்க்கச் சொன்னேன்: இந்த அடிக்குத் தடுப்பு என்ன? தடுப்பு எழுதாத அடி நிரலில் ஏறக்கூடாது. அண்ணன் ஒப்புக்கொண்டார். பிறகு நாங்கள் இருவரும் நிரலில் காலைக் கொண்டுவந்தோம்.

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் செய்த வேலைகளில் எனக்கு இன்றும் நிறைவு தருவது அது. ஆட்டத்தில் ஒவ்வோர் ஆளுக்கும் நிற்கிறான், உட்கார்ந்திருக்கிறான், படுத்திருக்கிறான் என்ற நிலைகள் உண்டு. நிற்பதை இரண்டாகப் பிரித்தோம்: வலக்கால் முன், இடக்கால் முன். ஒவ்வோர் அடியும் ஒரு காலில் தொடங்கி ஒரு காலில் முடியும். வலக்கால் முன் நிற்கும்போது சில அடிகள்தான் கிடைக்கும், இடக்காலில் வேறு சில. கால் மாற்றுவதற்கே ஒரு சுற்று செலவாகும். அடியின் வரியிலேயே கால் எங்கே முடிந்தது என்று சொல்லியாக வேண்டும் என்று விதி செய்தோம். மூன்று வரியிலும். ஆக, திரையை ஊன்றிப் படிக்கிறவனுக்கு எதிராளி அடுத்து என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்பது தெரியும். விரல் வேகமாகத் தட்டுகிறவன் ஜெயித்துக்கொண்டிருந்த ஊரில் நிதானமாகப் படிக்கிறவன் ஜெயிக்கத் தொடங்கினான். தோப்புக் காவல்காரன் அந்த வகை. அவன் தன் ஆளை அழிக்கவில்லை.

பாஷின் தண்டனை எதற்கு என்பதும் அப்போதுதான் புரிந்தது. விழுவோம் என்ற பயம் இருந்தால்தான் எப்போது மோதுவது என்று யோசிப்பான். யோசிக்கும் அந்த நேரம்தான் எதிராளிக்குக் கிடைக்கும் நேரம். அதை எழுதியவர்கள் யாரோ இந்தக் கணக்கைப் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ரோமின் நிரலை மரியாதையோடு படிக்கத் தொடங்கினேன். கண்ணில் மண்ணை வாரி எற்றும் அடி ஒன்று அதில் உண்டு. அது எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதைப் பார்க்கும். வீட்டுக்குள் என்றால் வாய்ப்பில் 20 குறையும், ஊர்த் தெருவில் 10 குறையும், வயலில் 5 கூடும், பாலைவனத்தில் 10 கூடும், தண்ணீரில் நின்றால் எற்றவே முடியாது. எங்கள் ஆற்று மணலைப் பாலைவனம் என்று குறித்து வைத்தோம். நிரலில் மணலுக்கு வேறு சொல் இல்லை. கோடையில் ஆற்றில் சண்டைக்குக் கூப்பிடுகிறவன் கண்ணை மூடித் திறந்துகொண்டேதான் வர வேண்டும்.

அடுத்து வந்தது தமிழ்ச் சிக்கல். அதுவரை எல்லாம் ஆங்கிலத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது, மேலே நான் தமிழில் சொன்ன வரிகளும் அப்படித்தான். ஆற்றங்கரையும் சுடலைமாடனும் வைத்துவிட்டு அடி மட்டும் ஆங்கிலத்தில் விழுவது எனக்கு உறுத்தியது. தமிழ் எழுத்து அந்தத் திரையில் வராது, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதலாம். எழுத உட்கார்ந்தபோது பள்ளிக்கூட இலக்கணம் வந்து முன்னால் நின்றது. ஒரே அடிக்கு மூன்று வரி என்பது வேறொன்றும் இல்லை, தன்மை, முன்னிலை, படர்க்கை. பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படித்த மூவிடம் ஒரு சண்டைக்குள் இருந்தது. நான் அடித்தேன், நீ அடிபட்டாய், அவர்கள் பார்த்தார்கள். பார்க்கிற இடம் மாறினால் அடியே மாறிவிடுகிறது.

ஆனால் நிரல் ஆங்கிலத்துக்கு ஏற்றபடி இருந்தது. பெயர் வரும் இடத்தில் ஒரு குறி போட்டால் அங்கே ஆளின் பெயர் வந்து உட்காரும், வினைச்சொல்லுக்கு ஒன்றும் ஆகாது. தமிழில் வினைமுற்றே அடித்தான், அடித்தாள், அடித்தார் என்று ஆளைச் சொல்லிவிடுகிறது. பெயரோடு வேற்றுமை உருபு ஒட்டும்போது எழுத்தும் மாறும். கொம்பன் என்றால் கொம்பனை, நாச்சி என்றால் நாச்சியை, சங்கு என்றால் சங்கை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நிரல் எழுதினால் முடிவே இராது. இரண்டு வாரம் இதோடு மல்லுக்கட்டினேன்.

வழி என் பாட்டியின் பேச்சில் இருந்தது. யாராவது விழுந்துவிட்டால் பாட்டி "யாரு அடிச்சா?" என்று கேட்க மாட்டாள். "அடி எங்க பட்டுது?" என்றுதான் கேட்பாள். அடிதான் எழுவாய். அடி பட்டுது, அடி விழுந்துது. அடித்தவன் ஆணா பெண்ணா என்ற பேச்சே வரவில்லை. உருபுக்குப் பதிலாக மேல என்ற சொல்லைத் தனியாக வைத்தேன். கொம்பன் மேல அடி விழுந்துது, நாச்சி மேல அடி விழுந்துது. எந்தப் பெயரை வைத்தாலும் வாக்கியம் உடையவில்லை.

ரோமில் அடியின் கனத்துக்கு ஏற்றபடி வினைச்சொல் மாறும். 4 வரைக்கும் கீறல், 8 வரைக்கும் உரசல், 12 வரைக்கும் வெறும் அடி, பிறகு நான்கு நான்காக ஏறி 36ஐத் தாண்டியதும் பெரிய எழுத்தில் கத்தத் தொடங்கும். நாங்கள் கத்தலை எடுத்துவிட்டோம். உரசுச்சு, கீறுச்சு, பட்டுது, விழுந்துது, இறங்குச்சு. ஐந்து சொல் போதுமாக இருந்தது. இறங்குச்சு என்று திரையில் வந்தால் வராந்தாவில் யாராவது ஒருவர் உச்சுக் கொட்டுவது என் அறை வரை கேட்கும்.

இதற்குப் பிறகுதான் எமோட் சண்டைகள் பெருகின. எமோட் என்பது நிரல் தலையிடாத வெறும் எழுத்து. நீங்கள் என்ன தட்டுகிறீர்களோ அது உங்கள் ஆள் செய்ததாக எல்லோருக்கும் தெரியும். எண்ணும் இல்லை, விநாடியும் இல்லை. அடி பட்டதா என்று சொல்லக் கணினி வராது. அதனால் ஒரே ஒரு விதி: உன் முயற்சியை மட்டும் எழுது, முடிவை எதிராளி எழுதுவார். "கொம்பன் கம்பைத் தோளை நோக்கி வீசுகிறான்" என்று எழுதலாம். "கொம்பனின் கம்பு அவன் தோளை உடைத்தது" என்று எழுதக்கூடாது. இரண்டாவது மாதிரி எழுதுவதற்குக் காட்மாடிங் என்று பெயர், உலகம் முழுக்க எழுத்தில் விளையாடுகிறவர்கள் வெறுக்கிற குற்றம் அது. தன் ஆளைக் கடவுளாக்கிக்கொள்வது. பட்டதா இல்லையா என்று சொல்லும் உரிமை பட்டவனுடையது. ஆசானின் பொட்டல் விதி அப்படியே இங்கே இருந்தது.

நாச்சி வந்தது 2004இன் கடைசியில். பெண்கள் விடுதியில் பொதுக் கணினி அறை ஒன்று இருந்தது, அங்கேயும் எங்கள் வலை போயிற்று. யார் என்று எங்களுக்குத் தெரியாது, கேட்கவும் கூடாது என்பது அண்ணன் வைத்த கட்டுப்பாடு. அவள் ஆள் வண்டிப்பேட்டையில் சோறு பொங்கிப் போடும் பெண். ஆயுதம் உலக்கை. அவள் எழுதிக் கொடுத்த தாளை அண்ணன் எனக்குக் காட்டினார். அடியின் பெயர் கைமாற்று. நெல் குத்தும்போது உலக்கையை வலக்கையால் மேலே தூக்கி, அது காற்றில் இருக்கும் நொடியில் இடக்கைக்கு மாற்றுவார்கள் அல்லவா, அதுதான். எதிராளி வலக்கையைப் பார்த்துக்கொண்டிருக்க, குத்து இடக்கையிலிருந்து இறங்கும். தவறினால் என்ன என்ற இடத்தில், உலக்கை கனம், பூண் மண்ணில் பதிந்துவிடும், பிடுங்க மூன்று சுற்று ஆகும் என்று எழுதியிருந்தாள். தடுப்பு என்ற இடத்தில் இருந்ததை நான் பல முறை படித்தேன். விலகி ஓடாதே, உள்ளே நெருங்கி வா, உலக்கைக்குப் பக்கத்தில் நிற்பவனைக் குத்த முடியாது, ஆனால் கை மாறுவதற்கு முன் வர வேண்டும், மாறிய பின் வந்தால் நெற்றி நேரே பூணுக்குக் கீழே இருக்கும்.

தன்னை எப்படி வெல்வது என்பதை இவ்வளவு துல்லியமாக எழுதிக் கொடுத்த ஆளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வீட்டில் குந்தாணிக்குப் பக்கத்தில் நின்று உலக்கை பிடித்தவர்தான் இதை எழுத முடியும். மூன்று விரல் தடிமன் குறிப்பேட்டில் நான் எழுதி வைத்திருந்த அடிகள் எல்லாவற்றையும்விட அந்த ஒரு தாள் மேலானது. அதை அண்ணனிடம் சொன்னேன், எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

கொம்பனும் நாச்சியும் மோதியது 2005 பிப்ரவரியில், ஆற்று மணலில், எமோட் சண்டையாக. வண்டிப்பேட்டையில் கொம்பன் வைத்த சாப்பாட்டுக் கடன்தான் காரணம். பார்க்க முப்பதுக்கும் மேற்பட்ட ஆட்கள் மணலில் வந்து நின்றார்கள். அப்படி நிற்பது என்றால் அவரவர் அறையில் அவரவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது. முதல் அடி அவளுடையது, என் தோளை நோக்கி. விலகினேன் என்று எழுதினேன். என் வாரல் அவள் கணுக்காலில் உரசியது என்று அவளே எழுதினாள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் ஆகும். யாரும் அவசரப்படுத்தவில்லை. நான்காவது சுற்றில் உலக்கை வலக்கையிலிருந்து மேலே போகிறது என்று அவள் வரி வந்தது. உடனே கரண்ட் போய்விட்டது.

நாற்பது நிமிடம் இருட்டு. நான் வராந்தாவுக்கு வந்து தரை துடைக்கும் கட்டையை எடுத்துக்கொண்டேன். அறைத்தோழன் கையில் கிரிக்கெட் மட்டையைக் கொடுத்து, உலக்கை மாதிரி நட்டக்குத்தலாகத் தூக்கச் சொன்னேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் இடக்காலை முன்வைத்து உள்ளே நுழைந்து பார்த்தேன். அவன் கை மாற்றாதபோது நுழைய முடிந்தது. கட்டை அவன் விலாவில் போய் நின்றது. "மாத்துடா" என்றேன். அவன் மாற்றினான். என் எடை முழுக்க இடக்காலில் இருந்தது, பின்னுக்கு எடுக்க முடியவில்லை, தலையைச் சாய்க்கவும் நேரம் இல்லை. மட்டையின் அடிப்பாகம் நெற்றிக்கு நாலு விரல் தள்ளி வந்து நின்றது. மறுபடியும் செய்தோம். பத்து முறைக்கு மேல் செய்திருப்போம். இரண்டு பக்கத்து அறைகளிலிருந்தும் பையன்கள் வந்து சுவரோரமாக நின்று பார்த்தார்கள். அவள் மாற்றுவாளா மாட்டாளா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குக் காலில் பதில் இல்லை.

கரண்ட் வந்தது. எல்லோரும் திரும்ப நுழைந்து மணலில் நின்றோம். ஹான்ஸ், காட்யா, டாம், மைக்கேல், செபாஸ்டியன். கொம்பன் இடக்காலை முன்வைத்து உலக்கைக்குள் நெருங்குகிறான் என்று எழுதினேன். மூன்று நிமிடம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது. காற்றில் உலக்கை கை மாறுகிறது. பூண் கொம்பனின் நெற்றிக்கு நேரே இறங்குகிறது.

இறங்குகிறது. இறங்கியது என்று எழுதவில்லை. முடிவை என்னிடம் விட்டிருந்தாள்.

எழுத்தில் தப்பிப்பதற்கு வழியா இல்லை? தலையைச் சாய்க்கிறான் என்று எழுதலாம். கம்பைக் குறுக்கே கொடுக்கிறான் என்று எழுதலாம். இரண்டையும் தட்டி அழித்தேன். யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் வராந்தாவில் என் இடக்கால் எங்கே நின்றது என்பது எனக்குத் தெரியும். என் அறை வாசலில் பையன்கள் நின்றிருந்தார்கள். அந்தத் தோப்புக் காவல்காரனும் நின்றிருந்தான்.

நெற்றி மேல பட்டுது என்று தட்டினேன். அடுத்த வரியில், கொம்பன் கம்பை உயர்த்தினான்.

கொஞ்ச நேரம் திரை அசையவில்லை. முப்பது பேர் நின்ற மணலில் ஒருவரும் ஒன்றும் தட்டவில்லை. பிறகு ஒரே ஒரு வரி வந்தது. நாச்சி உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டு, முந்தானையால் பூணைத் துடைத்தாள்.